நிலக்கரித் தூளையும் மில் ஸ்கேலையும் ரோலர் பிரஸ்ஸில் கட்டியாக்குவது: முழுமையான வழிகாட்டி

போன மாதம் பஞ்சிகாவத்தையில் ஒரு பெயரிங் தேடிப் போயிருந்தேன். கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, எந்த மெஷினுக்கு என்று விசாரித்தார். தூளை நசித்துக் கட்டியாக்கும் ரோலர் பிரஸ்ஸுக்கு என்றேன். "அட, ரெண்டு உருளை, ஒரு மோட்டர், ஒரு கியர்பொக்ஸ், அவ்வளவுதானே தம்பி? லேத்தில குடுத்தா கடைஞ்சு தந்திடுவாங்கள்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. உருளையைக் கடைந்துவிடலாம். ஆனால் இந்தத் தொழிலில் காசைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் நான் பார்த்த அத்தனை பேரும் மெஷினை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் போகிற கலவையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கடைசியில் யோசித்தவர்கள்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். களனி கங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இந்த லைனைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். கீழே எழுதுவதில் பாதி அங்கே பிழை விட்டுக் கற்றது.

எதை, யாருக்காகக் கட்டியாக்குகிறோம்

நிலக்கரியை ஏற்றி இறக்க, சலிக்க, உடைக்க, ஒவ்வொரு கட்டத்திலும் தூள் சேரும். தட்டில் போட்டு எரிக்கும் பொயிலரில் அந்தத் தூளைப் போட்டால் பாதி கம்பிக்குக் கீழே கொட்டும், மீதி புகைபோக்கியால் பறக்கும். அதனால்தான் அதைக் கட்டியாக்குகிறார்கள். இலங்கையில் நிலக்கரி என்றதும் எல்லாருக்கும் நுரைச்சோலைதான் ஞாபகம் வரும். ஆனால் 900 மெகாவொட் உள்ள அந்த அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதித்தான் எரிக்கிறார்கள், தூளைக் கட்டியாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பவும் அரைக்க வேண்டும். எனவே உங்கள் வாடிக்கையாளர் அங்கே இல்லை. தட்டு வைத்த பொயிலர், சுண்ணாம்புச் சூளை, வார்ப்பு உலை, இப்படிப்பட்ட இடங்களைத் தேடுங்கள். வெளிப்படையாகச் சொன்னால், இங்கே நிலக்கரிப் பிரிக்கெட்டில் (இப்படி அடித்த கட்டிக்குப் பெயர் அதுதான்) மட்டும் இலாபம் பார்ப்பது கஷ்டம், ஏனென்றால் விறகோடு போட்டிபோட வேண்டும்.

இரும்புக் கழிவு வேறு கதை. கம்பி உருட்டும் ஆலையில் செந்தணலாக வரும் பில்லெட்டின் (உருட்டப்போகும் இரும்புப் பாளத்தின்) மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து ஒட்சைட்டாகி, தண்ணீர் பட்டதும் செதில் செதிலாக உரிந்து, கீழே உள்ள தொட்டியில் போய்ப் படியும். அதுதான் மில் ஸ்கேல். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்பு. நல்ல தாதுவில்கூட அவ்வளவு கிடைப்பது அரிது. ஊதுலை (தாதுவில் இருந்து இரும்பு எடுக்கும் பெரிய உலை) இருக்கும் நாடுகளில் ஊதுலைச் சேறு, கன்வேர்ட்டர் தூசி என்று இன்னும் பல வரும். சுவீடனின் லூலியோவில் இப்படிப்பட்ட கழிவுகளைச் சீமெந்து போட்டுக் கட்டியாக்கி ஊதுலைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். நமக்கு ஊதுலை இல்லை. நமக்குக் கிடைப்பது மில் ஸ்கேல், அப்புறம் பழைய இரும்பை உருக்கும் உலைகளின் புகைத் தூசி.

அந்தப் புகைத் தூசியில் மட்டும் அவசரப்பட வேண்டாம். நாகம் (சிங்க்) பூசிய தகரம் உலைக்குள் போனால், நாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகி, வடிகட்டிப் பைக்குள் தூசியாக வந்து சேரும். அதைக் கட்டியாக்கி உலைக்குள் போட்டால் திரும்பவும் ஆவியாகி அதே பைக்குத்தான் வரும், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் கூடிக்கொண்டே. ஈயமும் கட்மியமும் கூடவே இருக்கும். பல நாடுகளில் இது ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருக்கும் பொருள். மில் ஸ்கேல் அப்படியல்ல. ஆபத்தான கழிவுகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவது பற்றிய பாசல் உடன்படிக்கையில், ஆபத்தில்லாத கழிவுகளுக்கான ஒன்பதாம் இணைப்பில், பீ1230 என்ற எண்ணில் இருக்கிறது. எப்படியும் எதைத் தொடுவதற்கும் முன்னர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிடுங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது அது. லொறி வாசலில் நிற்கும்போது விண்ணப்பம் நிரப்புவது நல்ல அனுபவம் அல்ல.

படி 1: பொருளைப் பரிசோதியுங்கள்

ஒரு லொறி வந்தால் நான் முதலில் செய்வது, குவியலின் மேலிருந்து அல்லாமல் உள்ளே கைவிட்டு, நாலைந்து இடத்தில் எடுத்து, கலந்து, 100 கிராம் நிறுத்து, 105 பாகையில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைப்பது. குறைந்த எடைதான் ஈரப்பதம். ஒவன் இல்லையென்றால் தகரத் தட்டு, மெல்லிய நெருப்பு, பொறுமை போதும். மில் ஸ்கேலுக்கு இது சரி, நிலக்கரிக்கு நெருப்பு கூடினால் புகையத் தொடங்கிவிடும், கவனம்.

மில் ஸ்கேலில் எண்ணெய் இருக்கும், ஏனென்றால் ரோலிங் மில்லின் பெயரிங்குகளில் இருந்து கிறீஸும் ஒயிலும் அதே தொட்டிக்குத்தான் வடிகிறது. ஒரு பிடியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், மேலே மயில் கழுத்து நிறத்தில் படலம் விரிந்தால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் கூடினால் பசை பிடிக்காது, உலையில் புகையும் வரும். தொட்டியின் அடியில் சேரும் சேறு மாதிரியான மெல்லிய பகுதியில்தான் எண்ணெய் கூடுதலாக இருக்கும், கரட்டுச் செதிலில் குறைவு. பிரித்து வாங்க முடிந்தால் பிரித்தே வாங்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண்ணெயை அளக்கிறேன் என்று மில் ஸ்கேலைச் சிவக்கச் சிவக்கச் சுட்டு எடை பார்த்தால், எடை குறையாமல் கூடும்! உள்ளே இருக்கும் இரும்பு ஒட்சைட்டு இன்னும் ஒட்சிசனை இழுத்துக்கொள்கிறது. நான் தராசு பழுது என்று நினைத்து, இரண்டு நாள் தராசுக்காரரோடு சண்டை பிடித்தேன். இரும்பு, கந்தகம், நாகம் இவற்றை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரி. மாதத்துக்கு ஒரு மாதிரி போதாது, ஆலை மாறும்போதெல்லாம் ஒரு மாதிரி.

படி 2: உலர்த்து, சலி

நிலக்கரி 3 மி.மீ.க்குக் கீழே வர வேண்டும். ஆனால் எல்லாமே மாவாகவும் இருக்கக் கூடாது. மா கூடினால் பசை பூச வேண்டிய பரப்பு கூடும், பசைச் செலவும் ஏறும். எல்லாமே குறுணியாக இருந்தால் இடையில் வெற்றிடம் விழும். குறுணியும் மாவும் கலந்து, பெரியதுக்கு இடையில் சின்னது போய் உட்கார வேண்டும்.

இரும்புத் துண்டு, ஆணி, நட்டு ரோலருக்குள் போனால் குழிகள் நாசம். நிலக்கரிக்குக் கொன்வேயருக்கு மேல் ஒரு காந்தம் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. மில் ஸ்கேலுக்கும் அதையே செய்ய நினைத்தால், மில் ஸ்கேலே காந்தத்தில் ஒட்டும் பொருள், ஐந்து நிமிடத்தில் காந்தம் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். அதற்குச் சல்லடைதான் வழி.

உலர்த்துவதற்குக் கொழும்பு வெயிலை நம்பலாமா என்று கேட்பார்கள். மாசியில் நம்பலாம். வைகாசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கினதும், ஐப்பசியில் பின்னேர இடிமழை தொடங்கினதும் நம்பவே கூடாது. கூரை போட்ட களஞ்சியமும் ஒரு சுழல் உலர்த்தியும் இல்லாமல் இந்தத் தொழிலை ஆரம்பிக்காதீர்கள். பிரஸ்ஸை சின்னதாக வாங்கி, மிச்சக் காசைக் கூரைக்குப் போடுங்கள்.

படி 3: பசை

உலகம் முழுவதும் பழகிய சோடி மொலாசஸும் (சீனி ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு) நீற்றுச் சுண்ணாம்பும். சீனியும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகும் தன்மை உள்ளது. 100 கிலோ நிலக்கரிக்கு 7 முதல் 9 கிலோ மொலாசஸ், 2 முதல் 3 கிலோ சுண்ணாம்பு என்று தொடங்கி, உங்கள் பொருளுக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டு வாருங்கள். மில் ஸ்கேல் பாரமான பொருள் என்பதால் எடைக் கணக்கில் அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். நாங்கள் 5 கிலோவில் இருந்து மேலே போனோம்.

மொலாசஸ் நம் நாட்டில் செவனகல, பெல்வத்தை, ஹிங்குரான சீனி ஆலைகளில் இருந்து வரும். அதற்கு முதல் வாடிக்கையாளர் வடிசாலைக்காரர். அதாவது நீங்கள் பிரிக்கெட் அடிக்கும் விலையைச் சாராயச் சந்தைதான் தீர்மானிக்கும். சிரிக்க வேண்டாம், ஒரு தடவை மூன்று வாரம் பவுசர் வராமல் லைன் நின்றிருக்கிறது. மாற்றாக மரவள்ளி மாவைச் சுடுதண்ணீரில் கூழாக்கிப் போடலாம், நல்லாப் பிடிக்கும், ஆனால் ஈரத்தைத் தாங்காது. சீமெந்து மில் ஸ்கேலுக்குச் சரிவரும், ஆனால் நாள் கணக்கில் நனைத்து வைக்க வேண்டும், உலையில் கசடையும் கூட்டும். களிமண் மலிவு, சாம்பலும் அப்படியே கூடும். வாங்குபவர் ஒரு முறைதான் ஏமாறுவார்.

சுண்ணாம்பில் நாங்கள் பட்ட பாடு தனி. ஒரு வியாபாரி மலிவாகத் தந்தார், வெள்ளை வெளேரென்று இருந்தது, வாங்கிவிட்டோம். மூன்றாம் நாள் பிரிக்கெட் கல்லு மாதிரி. பத்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மயிரிழை வெடிப்பு, வற்றின குளத்து நிலம் மாதிரி. அப்புறம்தான் விளங்கியது, அது டொலமைட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அதில் உள்ள மக்னீசியம் ஒட்சைட்டு கல்சியம் மாதிரி உடனே நீறாது. மெல்ல மெல்ல, நாட்கள் கழித்து, பிரிக்கெட்டுக்குள் இருந்தபடியே ஈரத்தைக் குடித்து வீங்கும். மாத்தளைப் பக்கத்து டொலமைட்டில் சுட்ட சுண்ணாம்பு சுவருக்கு நல்லதாக இருக்கலாம், உங்கள் பிரிக்கெட்டுக்கு முதலில் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள்.

படி 4: கலப்பது, பிட்டுப் பதம்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பகுதியை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

தூளையும் சுண்ணாம்பையும் முதலில் உலர்வாக இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். பிறகு மொலாசஸை மெல்லிய தாரையாக, மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் கறுப்பு உருண்டைகள் உருளும், உள்ளே பசையும் வெளியே தூளுமாக, அதை எந்த மிக்சராலும் உடைக்க முடியாது. விடிகாலையில் மொலாசஸ் தடித்திருந்தால் 40, 50 பாகைக்குச் சூடாக்கலாம். அதற்கு மேல் கொதிக்கவிட வேண்டாம்.

பதம் எப்படித் தெரியும்? எங்களிடம் மிக்சர் பார்க்கும் அண்ணை பருத்தித்துறைக்காரர், மீற்றரையெல்லாம் நம்பமாட்டார். ஒரு பிடி எடுத்து இறுக்கி உள்ளங்கையை விரிப்பார். பிடித்தால் பிடிபட வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். "பிட்டுக்குக் குழைக்கிற மாதிரி, தம்பி. இடியப்பத்துக்குக் குழைக்கிற மாதிரி வந்தா முடிஞ்சுது கதை" என்பார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு மாதம் ஈரப்பதத்தை அளந்து பார்த்தேன், அவர் "சரி" என்று சொன்ன நிலக்கரிக் கலவைகள் எல்லாம் ஏறக்குறைய 5, 6 சதவீதத்துக்குள்தான் நின்றன. இடியப்பப் பதத்தில் போனால் ரோலர் குழிகளில் ஒட்டிக்கொண்டு விழமறுக்கும். மணலாக இருந்தால் இரண்டாகப் பிளந்து விழும்.

கணக்காகவும் பார்த்துவிடுவோம். மொலாசஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். 100 கிலோ நிலக்கரியில் 4 கிலோ தண்ணீர் இருந்து, 8 கிலோ மொலாசஸ் விட்டால், அதோடு 1.8 கிலோ சேரும். மொத்தம் 5.8 கிலோ, 110 கிலோக் கலவையில். அதாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல், பிட்டுப் பதம். அதே நிலக்கரி மழையில் நனைந்து 8 சதவீதமாக வந்தால் கலவை 9 சதவீதத்தைத் தொடும். அப்போது மொலாசஸைக் குறைத்தால் பலம் போகும், குறைக்காவிட்டால் ஒட்டும். திரும்பப் போய் உலர்த்துவதைத் தவிர வழியில்லை. சிலர் நீறாத சுண்ணாம்பைக் கொஞ்சம் போடுவார்கள், 1 கிலோ சுண்ணாம்பு ஏறக்குறைய 320 கிராம் தண்ணீரைக் குடிக்கும் என்பதால். வேலை செய்யும் உபாயம்தான், ஆனால் பிரஸ்ஸுக்குப் போகமுன் முழுவதும் நீறி முடியாவிட்டால் பிரிக்கெட்டுக்குள் வீங்கி வெடிக்கும். அந்தச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். கண்ணாடி போடாத யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

படி 5: பிரஸ்ஸைத் தெரிவுசெய்வது

இரண்டு ரோலர்கள் எதிரெதிர்த் திசையில் உள்நோக்கிச் சுழலும். இரண்டிலும் பாதித் தலையணை வடிவில் குழிகள். ஒன்று அசையாதது, மற்றது ஹைட்ரோலிக் சிலிண்டர் தள்ளிக்கொண்டு நிற்கும் மிதக்கும் ரோலர். கலவை நடுவில் இறங்க, குழியும் குழியும் சந்திக்கும் கணத்தில் நசிந்து கட்டியாகிக் கீழே விழும். நூறு வருடங்களுக்கு மேலான யுக்தி. ஜெர்மனியில் 1898 இல் தொடங்கிய கோப்பெர்ன் நிறுவனம் இன்னும் இதையே செய்கிறது.

வாங்கமுன் இரண்டு கணக்குப் போடுங்கள். முதலாவது உற்பத்தி. 520 மி.மீ. விட்டமுள்ள ரோலரில் சுற்றிவர 36 குழிகள், அகலத்தில் 6 வரிசை என்று வையுங்கள், மொத்தம் 216. ஒரு பிரிக்கெட் 30 கன சென்ரிமீற்றர் என்றால் நிலக்கரியில் ஏறக்குறைய 36 கிராம். ஒரு சுற்றுக்கு 7.8 கிலோ, நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் மணிக்கு 4.7 தொன். இது காகிதத்தில். உடைந்ததும் ஓரத்தால் கசிந்ததும் திரும்பச் சுற்றுக்குப் போகும் என்பதால் மூன்றரைத் தொன் வந்தால் சந்தோஷப்படுங்கள். விற்பவர் சொல்லும் எண் எப்போதும் காகித எண்தான்.

இரண்டாவது விசை, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பசை போட்ட நிலக்கரிக்கு ரோலர் அகலத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 10 முதல் 30 கிலோநியூட்டன் போதும். மேலே சொன்ன ரோலர் 27 சென்ரிமீற்றர் அகலம், 20 என்று எடுத்தால் 540 கிலோநியூட்டன், ஏறக்குறைய 55 தொன் பாரம். 160 மி.மீ. விட்டமுள்ள இரண்டு சிலிண்டர் இருந்தால் அழுத்தம் 134 பார், சாதாரணப் பம்ப் தாங்கும். அதே மெஷினில் மில் ஸ்கேல் அடிக்க 50 கிலோநியூட்டன் வேண்டும் என்று வந்தால் சிலிண்டரில் 336 பார் ஏற வேண்டும். பம்ப் ஏற்றினாலும் சட்டமும் பெயரிங்கும் தாங்காது. நான் பஞ்சிகாவத்தைக்கு ஏன் அலைகிறேன் என்று இப்போது விளங்கியிருக்கும். நிலக்கரிக்கென்று வாங்கிய மெஷினில் இரும்பு அடிக்கப் போனோம்.

மேலே நின்று ரோலருக்குக் கலவையைக் கொடுக்கும் ஊட்டி பற்றியும் ஒரு வார்த்தை. நிலக்கரிக் கலவை தன் பாரத்திலேயே இறங்கும். உலைத் தூசி மாதிரிப் பஞ்சுப் பொருளில் பாதிக்கு மேல் காற்று; ரோலர் நசிக்கும்போது அந்தக் காற்று மேல்நோக்கித்தான் தப்பும், வருகிற கலவையைக் கிளப்பிவிடும். அதற்கு முன்கூட்டியே இறுக்கிக் கொடுக்கும் திருகு ஊட்டி வேண்டும், ரோலரும் மெதுவாக ஓட வேண்டும்.

படி 6: ஓட்டத் தொடங்குவது

ரோலர் வெறுமையாகச் சுழலத் தொடங்க வேண்டும், கலவை பிறகு. உள்ளே கலவை இறுகி நிற்கும்போது மோட்டரைப் போட்டால் ஒன்று கப்ளிங் போகும், அல்லது கியர்பல் போகும். ஹைட்ரோலிக்கைக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, ரோலரை மெதுவாக ஓட்டி, ஊட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிதக்கும் ரோலர் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பின்னால் போய் நிற்கும் இடம் வரும், அம்பியர் மீற்றர் ஆடாமல் நிற்கும். அப்போது அழுத்தத்தைக் கூட்டுங்கள். இரண்டு பக்க இடைவெளியையும் பாருங்கள். ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய என்றால் ஊட்டி ஒருபக்கமாகக் கொட்டுகிறது. நைதரசன் அடைத்த அக்யூமுலேற்றரை மாதமொரு முறை சோதியுங்கள், அது செத்தால் ரோலருக்கு வரும் ஒவ்வொரு அதிர்ச்சியையும் பெயரிங்தான் வாங்கும்.

படி 7: விழுகிற பிரிக்கெட்டை வாசிப்பது

சிப்பி மாதிரி வாய் திறந்து இரண்டாகப் பிளக்கிறதா? பெரும்பாலும் எல்லாரும் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். தப்பு. கூடின அழுத்தத்தில் நசிந்த பொருள், விடுபட்டதும் திமிறிக்கொண்டு விரியும். முதலில் குறைத்துப் பாருங்கள், ரோலரை மெதுவாக்குங்கள், கலவை உலர்ந்துவிட்டதா என்று பாருங்கள். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் நேராகப் பொருந்தாமல் ஒரு நகக்கண் அளவு விலகி நிற்கிறதா, அது கலவையின் குற்றமல்ல, இரண்டு ரோலரின் குழிகளும் நேரம் தப்பிச் சந்திக்கின்றன, கியரில் சரிசெய்ய வேண்டும். சுற்றிவரத் தடித்த விளிம்பு இருந்தால் இடைவெளி கூட. குழியில் ஒட்டினால் ஈரம். ஒரே ஓரத்து வரிசை மட்டும் மென்மையாக வந்தால் பக்கத் தகடு தேய்ந்து கலவை கசிகிறது. மில் ஸ்கேல் அரம் மாதிரி, குழிகளை மெல்ல மெல்ல வழித்துவிடும்; பிரிக்கெட்டின் எடையை வாரத்துக்கொரு தடவை நிறுத்து எழுதினால் தேய்மானம் எண்ணில் தெரியும்.

படி 8: ஆறவிடுவது

பிரஸ்ஸில் இருந்து விழும்போது பிரிக்கெட் பச்சைக்குழந்தை. ஒரு மீற்றருக்கு மேல் விழவிடாதீர்கள். தூள் சலித்து, மெல்லிய படுக்கையாக, கூரைக்குக் கீழே, காற்று குறுக்கே ஓடும் இடத்தில் 2, 3 நாள் வைக்க வேண்டும். உடனே குவித்தால் நடுவில் சூடு பிடிக்கும், நிலக்கரி என்றால் தானாகவே பற்றும் அபாயமும் உண்டு.

ஒரு ஐப்பசி இரவு நடந்தது இது. பகல் முழுக்க நல்ல பிரிக்கெட், தட்டினால் கணீரென்று சத்தம். பின்னேரம் வழக்கமான இடிமழை. கூரை ஒழுகவில்லை, ஒரு துளி உள்ளே விழவில்லை. காலையில் போய் ஒன்றைத் தூக்கினேன், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் ஊரில் இருந்து வரும் பனங்கட்டி குட்டானுக்குள்ளேயே கசிந்து ஓலையை நனைத்துவிடுமே, அச்சாக அதே மினுமினுப்பு. மொலாசஸும் சீனிதானே, காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்துவிட்டது. 11 தொன். அத்தனையையும் உடைத்து, உலர்த்தி, திரும்ப அடித்தோம். அன்றிலிருந்து மழைக்காலத்தில் பக்கத் திரையை இறக்கி, உலர்த்தியின் சூடான காற்றைக் குழாயில் படுக்கைக்குத் திருப்பிவிடுகிறோம். வேறு நாட்டு வழிகாட்டிகளில் வரும் 24 மணித்தியாலம் என்ற கணக்கு உலர்ந்த ஊர்களுக்கு உரியது.

படி 9: சோதனை

ஆடம்பரம் ஒன்றும் வேண்டாம். பத்துப் பிரிக்கெட்டை 2 மீற்றர் உயரத்தில் இருந்து இரும்புத் தகட்டில் மூன்று தடவை போடுங்கள், சலித்து, முழுதாக நின்ற எடையைப் பாருங்கள். 100 இல் 85 க்குக் கீழே வந்தால் நாங்கள் லொறியில் ஏற்றுவதில்லை. அடித்தவுடன் ஒரு தடவை, ஆறின பிறகு ஒரு தடவை, இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். ஒன்றைத் தண்ணீரில் போட்டும் பாருங்கள். மொலாசஸ் பிரிக்கெட் கரையத்தான் செய்யும், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதுதான் கேள்வி. லொறிக்குத் தார்ப்பாய் கட்டாயம்.

படி 10: உலைக்குக் கொடுப்பது

மில் ஸ்கேலோடு நிலக்கரியையும் சேர்த்து அடித்தால், உலையின் சூட்டில் காபன் ஒட்சிசனைப் பிடுங்கி இரும்பை விடுவிக்கும். 100 கிலோ ஒட்சைட்டுக்கு அதன் வகையைப் பொறுத்து 17 முதல் 22 கிலோ வரை காபன் தேவை. 60 சதவீத நிலைக்காபன் (ஆவியாகும் பகுதியும் சாம்பலும் போக மிஞ்சும் காபன்) உள்ள நிலக்கரி என்றால் 28 முதல் 37 கிலோ. நிலக்கரியில் உள்ள கந்தகமும் கூடவே இரும்புக்குள் போகும், அதனால் கந்தகம் குறைந்த கோக் தூள் கிடைத்தால் அதுவே நல்லது. தூண்டல் உலைக்காரருக்கு (மின்சாரச் சுருளால் இரும்பை உருக்குபவர்கள்) அதிகம் கொடுக்க ஆசைப்பட வேண்டாம்; காபன் போதாமல் மிஞ்சும் இரும்பு ஒட்சைட்டு அவர்களின் சிலிக்கா உட்பூச்சை அரித்துவிடும், அப்புறம் உங்களோடு கதைக்கவும் மாட்டார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. ஈரமான பிரிக்கெட் உருகின இரும்புக்குக் கீழே போனால், தண்ணீர் ஒரு கணத்தில் நீராவியாகி, உருகின இரும்பை உலைக்கு வெளியே வீசி எறியும். வெளியே உலர்ந்து தெரிந்தாலும் சுண்ணாம்புக்குள்ளும் சீமெந்துக்குள்ளும் கட்டுண்ட தண்ணீர் இருக்கும். நீற்றுச் சுண்ணாம்பு 500 பாகைக்கு மேல்தான் அதை விடும். எனவே உருகின குளத்துக்கு மேல் கொட்டவே கூடாது. வெறும் உலையில், பழைய இரும்போடு சேர்த்து, அடியில் இருந்து மெல்லச் சூடேறும்படி போட வேண்டும். இதை வாங்குபவருக்கு எழுத்தில் கொடுங்கள், சிங்களத்திலும் தமிழிலும்.

நிறுத்தும்போது

கலவையை முழுவதும் ஓட்டித் தீர்த்து, கடைசியில் ஒரு வாளி உலர்ந்த நிலக்கரியை ரோலருக்குள் விடுங்கள், குழிகளில் ஒட்டினதைத் துடைத்துக்கொண்டு போகும். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். நிலக்கரித் தூசியை ஊதித் துப்புரவாக்காதீர்கள், கிளம்பிய தூசி நெருப்புப் பொறிக்குக் காத்திருக்கும் வெடிமருந்து. ஈரத்துணியால் துடையுங்கள், அன்றைக்கு வெல்டிங் வேலையும் வேண்டாம். மொலாசஸ் குழாயைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை கழுவாமல் போய்விட்டோம், திங்கள் காலையில் வந்து பார்த்தால் வால்வில் இருந்து சுவர் வரைக்கும் கறுப்பாக ஒரு கயிறு ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்பு. அதைத் துரத்த அண்ணைக்கு ஒன்பது மணியாகிவிட்டது, குழாய்க்குள் இறுகினதைக் குத்தி எடுக்க மத்தியானமாகிவிட்டது.